பெட்டியில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

விருத்தாசலம் கடைத்தெருவிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை மலிவான குரல் ரெக்கார்டர் ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் கண்ணில் படுவது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஓர் எண்தான். 1536 கேபிபிஎஸ். இன்னும் துணிச்சலான பெட்டியில் 3072. எண் பெரிதானால் ஒலியும் துல்லியமாகும் என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார், கடைக்காரரும் மறுப்பதில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பெருக்கத் தெரிந்தால் போதும். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடது வலது என்று இரண்டு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 15,36,000 பிட். 48,000க்குப் பதில் 96,000 என்று போட்டால் 30,72,000. கோப்பு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைத்தான் இது சொல்கிறது. உள்ளே இருக்கும் மைக் நல்லதா, அதன் பின்னால் உள்ள ஆம்பிளிஃபயர் இரைகிறதா, குரல் உயரும்போது ஒலி கிழிகிறதா என்பதில் ஒன்றைக்கூட அந்த எண் சொல்லாது.

இதைப் பெண்ணாடத்திலிருந்து எழுதக் காரணம் உண்டு.

தன் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்குமாறு அப்பர் வேண்டிய தலம் இது. கலிக்கம்ப நாயனாரின் ஊர். சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளர் வாழ்ந்ததாக மரபு சொல்லும் ஊர். பிரளயகாலேசுவரர் கோயிலின் கருவறைப் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல் வளைந்திருக்கும். தேவாரம் இதைத் தூங்கானை மாடம் என்று பாடுகிறது. இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. புத்தகத்தில் ஏறாதவை வேறு: ஓதுவார் ஒருவர் பண்ணை இழுத்து நிறுத்தும் விதம், நடவு வயலில் வளர்ந்த ஓர் ஆயா கட்டும் ஒப்பாரி, பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்த்தே முதுமை அடைந்த தொழிலாளி களியின் பக்குவத்தை விளக்கும் பேச்சு. இவை குரலில் மட்டுமே வாழ்கின்றன. குரல் போனால் அவையும் போயின.

இவற்றைப் பதிந்துவைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆய்வேட்டுக்காக வருகிற மாணவர்கள், சொந்தப் பாட்டியின் குரலைக் காக்க நினைக்கிற பேரப்பிள்ளைகள், யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள். எல்லோருக்கும் ஆர்வம் நிறைய, கையில் காசு கொஞ்சம். அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இந்த வட்டாரத்தில் கருவியைத் தூக்கித் திரிந்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பெட்டியின் மேல் உள்ள பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோகும் வழிக்குச் செலவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் பெயர் விஷயம். ஒலிக்கருவி வியாபாரத்தில் பெட்டியின் பெயரும் செய்தவரின் பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீனாவின் குவாங்டாங் மாகாணத்து ஆலைகள் பல ஒரு கருவியைத் தாங்களே வடிவமைத்து, தாங்களே செய்து, கேட்கிறவர் பெயரை அச்சடித்துக் கொடுத்துவிடுகின்றன. விருத்தாசலத்தில் ஒரே பிளாஸ்டர் அச்சில் வார்த்த பொம்மை எந்த ஊர்க் கொலுக் கடையில் எந்தப் பெயரில் விற்றாலும் பொம்மை ஒன்றுதானே, அப்படி. பிஎம்-800 என்ற கண்டன்சர் மைக் இதற்கு நல்ல சான்று. கறுப்பு, நீலம், வெள்ளை எனப் பல நிறங்களில், எத்தனையோ பெயர்களில், சிலந்தி வலை போன்ற பிடிப்பானோடு வரும் அந்த மைக்கைப் பார்க்காத யூடியூப்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். பெயர் மாறும், விலை மாறும், உருவம் மாறாது.

தலைகீழான கதையும் உண்டு. 2014ல் கிங்ஸ்டன் நிறுவனத்தின் ஹைப்பர்எக்ஸ் பிரிவு கொண்டுவந்த கிளவுட் ஹெட்போன், கணினி விளையாட்டு ஆடுகிறவர்களிடையே உலகப் புகழ் பெற்றது. அதன் அடித்தளம் டாக்ஸ்டார் என்ற சீன நிறுவனத்தின் புரோ 80. ஸ்வீடனின் கியூபேட் நிறுவனம் அதையே கியூஎச்-90 என்ற பெயரில் முன்பே விற்றிருந்தது. நல்ல ஆலையின் நல்ல பொருள், பெரிய பெயரைத் தாங்கியதும் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் யாரும் ஏமாறவில்லை. ஆனால் மூலப் பெயரைத் தெரிந்தவருக்கு அதே ஒலி குறைந்த விலையில் கிடைத்தது.

பிலிப்ஸ் கதை இன்னும் சுவையானது. நம் வீடுகளில் கேசட் என்று புழங்கிய அந்தச் சின்ன நாடாப்பெட்டியை 1963ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் உலகுக்குக் காட்டியது பிலிப்ஸ்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்பிய காலத்தைக் கடலூர் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது பிலிப்ஸ் வாய்ஸ் டிரேசர் என்ற பெயரில் வரும் ரெக்கார்டர்களை விற்பது ஸ்பீச் பிராசஸிங் சொல்யூஷன்ஸ் என்ற வியன்னா நிறுவனம். 2012ல் பிலிப்ஸிலிருந்து பிரிந்த அது, பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது. 1969ல் மைக்ரோ கேசட்டைக் கொண்டுவந்த ஒலிம்பஸ், 2021 ஜனவரியில் கேமராவோடு ரெக்கார்டர் வணிகத்தையும் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. பழைய பெயரை நம்பி வாங்குகிறவர், பழுதானால் யாரிடம் போவது என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றி விற்பது குற்றம் அல்ல. ஆலையைத் தேர்ந்தெடுத்து, பொருளைச் சோதித்து, ஓராண்டு உத்தரவாதம் கொடுத்து, கெட்டால் மாற்றித் தருகிற நிறுவனம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது நியாயம். அதில் எதையும் செய்யாமல் ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி மூன்று மடங்கு விலை வைப்பது அநியாயம். இரண்டையும் பிரித்தறியக் கருவியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. பெட்டியின் பின்புறத்தைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, இறக்குமதி செய்த பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டிக்கு உத்தரவாதம் என்று கடைக்காரர் வாயால் சொல்வதில் பொருள் இல்லை. சார்ஜர், லித்தியம் பேட்டரி, பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையோடு ‘ஆர்’ என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், பொருளைச் செய்த ஆலையின் பெயரும் முகவரியும் வந்து நிற்கும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் பதற வேண்டாம். அந்த ஆலையின் பெயரைப் போட்டுத் தேடினால், அதே பொருள் வேறு எந்தப் பெயர்களில் என்ன விலைக்கு விற்கிறது என்பது தெரியும். இதைவிட எளிய வழி கையேடு. வெளி உறையை மாற்றுவது எளிது, திரையில் வரும் மெனுவை மாற்றுவது கடினம். இரண்டு பெயர்களில் உள்ள ரெக்கார்டர்களின் கையேடுகளை இணையத்தில் இறக்கி அருகருகே வைத்துப் பார்த்தால், மெனு வரிசையும் எழுத்துப் பிழையும்கூட ஒன்றாக இருக்கும்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. “ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பார்க்கணும்ணே” என்றால் சில கடைக்காரர்கள் திகைப்பார்கள். “பேட்டி எடுக்கத்தானே சார், இது போதும்” என்பார்கள். சிரித்தபடியே கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். நான் எப்போதும் முதலில் பார்ப்பது, பதிவாகிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனில் கேட்க முடிகிறதா என்பதை. முடியாத கருவியில், என்ன பதிவாகிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அடுத்து, லெவலைக் கையால் ஏற்றி இறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுக் கருவிகள் பலவற்றில் ஆட்டோ லெவல் மட்டுமே உண்டு. பேசுகிறவர் மூச்சுவிட நிறுத்தும் நொடியில் கருவி தானாகவே லெவலை ஏற்றும். மின்விசிறியின் உறுமல் மெல்ல எழுந்து வரும். அவர் மறுபடி பேசியதும் அமுங்கும். பேட்டிக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தேவாரத்துக்கு இது ஆகாது. விருத்தத்தில் ஓதுவார் குரலைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும்தான் பாட்டு. கருவி அதைச் சமன்செய்துவிட்டால் சொற்கள் மட்டும் மிஞ்சும்.

இரண்டு துளைகள் இருப்பதால் இரண்டு மைக்குகள் இருக்கின்றன என்று முடிவு கட்ட வேண்டாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு துளையையும் விரலால் மெல்லத் தேய்த்தால், இடது தேய்ப்பு இடது காதிலும் வலது தேய்ப்பு வலது காதிலும் வர வேண்டும். இரண்டும் இரண்டு காதிலும் ஒரே அளவில் வந்தால் அது ஒற்றை மைக்.

பொருளைத் திருப்பித் தரக் கெடு இருக்கும் நாள்களுக்குள் வீட்டில் இன்னொரு சோதனை. மின்விசிறியை அணைத்து, நள்ளிரவில் ஊர் அடங்கிய பிறகு, வெற்று அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிந்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஒலியைப் பெருக்கிக் கேட்டால், உஸ்ஸென்று வருவது கருவியின் சொந்த இரைச்சல். பிறகு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பதிந்து, அதே மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். சாவிகளின் ஒலி 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் தாராளமாக ஏறும். படத்தில் 8,000க்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லை என்றால், உள்ளே நொடிக்கு 16,000 மாதிரிகள்தான் எடுக்கப்படுகின்றன. 48,000 என்று கோப்பில் போட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். பெட்டியின் 1536 அங்கேயே அம்பலமாகும். பில்லோடு கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? பேச்சுக்கு மட்டும் என்றால் சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போன்ற எளிய கருவி போதும். சுருக்காத பிசிஎம் வடிவிலும் பதியும், மெமரி கார்டு போடலாம், கடையில் கிடைக்கிற டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். பேட்டரியைக் கழற்ற முடியாத கருவிகளிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. சில ஆண்டுகளில் உள்ளே உள்ள லித்தியம் செல் தளர்ந்துவிட்டால் கருவியையே தூக்கிப்போட வேண்டியதுதான். பெண்ணாடம் போன்ற ஊரில் மின்சாரம் போன மாலையில் பெட்டிக்கடை பேட்டரி காப்பாற்றும்.

இசைக்கும் கூத்துக்கும் என்றால் ஜூம், டாஸ்காம் இரண்டில் ஒன்று. ஜூம் 2010ல் கொண்டுவந்த எச்1தான் ‘கையடக்கமான, கட்டுப்படியாகும், உண்மையான ஸ்டீரியோ’ ரெக்கார்டரை மாணவர்கள் கைக்குக் கொண்டுவந்தது. 2018ல் எச்1என், 2024ல் எச்1 எசென்ஷியல் என்று அது வளர்ந்தது. அதன் இரண்டு மைக்குகளும் குறுக்காக வைத்த விரல்களைப் போல் 90 பாகையில் முன்பக்கம் நோக்கி இருக்கும். முன்னால் இருப்பதை அதிகமாக எடுக்கும். டாஸ்காம் டிஆர்-05, அதன் பின்வந்த டிஆர்-05எக்ஸ் ஆகியவற்றின் மைக்குகள் நாலாபக்கமும் ஒரே மாதிரி கேட்பவை. வட்டமாக உட்கார்ந்து பாடும் பெண்களின் நடுவே வைக்க டாஸ்காம் அருமை. எதிரொலி மிகுந்த கல் மண்டபத்தில் ஜூம் நல்லது. இதை விற்பனைப் பக்கங்கள் சொல்வதில்லை. விலையையும் நட்சத்திரத்தையும்தான் காட்டுகின்றன.

எச்1 எசென்ஷியலில் 32 பிட் ஃபுளோட் முறை இருக்கிறது. லெவல் வைக்கிற வேலையே இல்லை. மெல்லிய குரலையும் பலத்த குரலையும் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த முறை காப்பது கருவியின் எண்கணக்கை மட்டுமே. மைக்குக்கென்று ஒரு தாங்கும் எல்லை உண்டு. தவிலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு 32 பிட் காப்பாற்றும் என்று இருந்தால், மைக்கே கிழிந்த ஒலியைத்தான் தரும். அதை எந்த மென்பொருளும் தைக்க முடியாது.

ரெக்கார்டரே வாங்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் இருக்கும் செல்போனோடு, சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பி மைக் ஒன்று போதும். போயா பிஒய்-எம்1 தமிழ் யூடியூப் உலகம் முழுவதும் புழங்குகிறது. ஆறு மீட்டர் கம்பி, போனுக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச், கேமராப் பக்கம் போட்டால் உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி வேண்டும். சுவிட்ச் தவறான பக்கம் இருந்தால் ஒலி வராது. மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு. இப்படிச் சுவிட்ச் இல்லாத மைக்குகளில், கம்பி முனையில் உள்ள பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது போனுக்கானது, இரண்டு என்றால் கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ஆனது. தப்பான துளையில் சொருகியதற்காகத்தான் பாதி ‘டூப்ளிகேட்’ புகார்கள் எழுகின்றன. நிஜமான டூப்ளிகேட்டும் நிறைய உலவுகிறது என்பதால் பில் இல்லாமல் வாங்க வேண்டாம். ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியைப் பத்தடி தூரத்தில் வைப்பதைவிட, இந்தச் சின்ன மைக்கை நெஞ்சில் குத்துவது நல்ல பதிவைத் தரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். சுற்றுப்புற இரைச்சல் அப்படியே இருக்கும். கணக்கு அவ்வளவு எளிது.

இனி களம். கோயிலில் பதிவதென்றால் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஓதுவாரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பூசை நேரத்தில் மின்மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் முழங்கத் தொடங்கினால், எந்தக் கருவியும் திணறும். அந்தச் சத்தத்துக்கு லெவல் வைத்தால் பாட்டு காணாமல் போகும், பாட்டுக்கு வைத்தால் முரசு கிழியும். “பூசை முடிஞ்சு நடை சாத்தறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் பாட முடியுமா ஐயா?” என்று கேட்டால் பெரும்பாலான ஓதுவார்கள் மனம் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களைக் கேட்க வருகிறவர்களே குறைவு. கல் மண்டபத்தில் எதிரொலி அழகாக இருக்கும், ஆனால் அதுவே சொல்லை விழுங்கும். மூன்றடித் தூரத்தில், வாய் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரெக்கார்டரை வைத்தால் குரலும் நிற்கும், மண்டபமும் பின்னால் இருக்கும். கையில் பிடிக்கக் கூடாது. விரல் அசைவு இடியாகப் பதிவாகும். ஒரு சின்ன முக்காலி போதும். உச்ச ஒலியில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி லெவல் வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடவே கூடாது.

ஒப்பாரிக்கு வேறு சிக்கல். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொல்வது ஆகாது என்று ஆயாக்கள் மறுப்பார்கள். வற்புறுத்துவது மரியாதை அல்ல. “களத்து மேட்டுக்கு வா தம்பி, அங்க சொல்றேன்” என்று அவர்களே வழி சொல்வார்கள். திறந்தவெளிக்குப் போனதும் எதிரி காற்று. ஆடி மாதக் காற்றில் மைக்கின் மேல் போடும் பஞ்சு உறை மட்டும் போதாது. நீளமான முடி உள்ள செயற்கை ரோம உறை வேண்டும். இது சில நூறு ரூபாய்ப் பொருள். இதில் பெயர் பார்க்கவே வேண்டாம், எந்த ஆலையில் செய்ததும் வேலை செய்யும். கருவியில் லோ கட் என்ற வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் போட்டுவிடலாம். பெண்குரலுக்குக் கீழே உள்ள காற்றின் உறுமல் போகும். ஆயாவின் குரலில் ஒன்றும் குறையாது.

ஊருக்கென்று ஒரு சத்தம் உண்டு. விழுப்புரம் திருச்சி ரயில்பாதை பெண்ணாடத்தின் வழியே போகிறது; எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டு போகும்போது பேச்சை நிறுத்தச் சொல்லி, கடந்த பிறகு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லக் கேட்பதில் தவறில்லை. விருத்தாசலத்தில் சூளைக்குப் பக்கத்தில் ஊதுகாற்று இயந்திரம் இரையும். தொழிலாளியிடம் வேலையைப் பார்த்தபடி பேசச் சொல்லாமல், முதலில் வேலையின் ஒலியைத் தனியாக ஐந்து நிமிடம் பதிந்துகொண்டு, பேட்டியைப் பொம்மை காயவைக்கும் அறையில் வைத்துக்கொள்ளலாம். சார்ஜரில் மாட்டியபடி பதிந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் நுழையும்; பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். செல்போனை ரெக்கார்டர் பக்கத்தில் வைத்தால் சிக்னல் தேடும்போது டிட் டிட் என்று விழும்.

தெருக்கூத்து நடக்கும் இரவில் மைக்செட்காரர்தான் நமக்கு நண்பர். அவருடைய ஆம்பிளிஃபயரின் லைன் அவுட்டிலிருந்து ஒரு கம்பி எடுத்தால் சுத்தமான குரல் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். மைக்குக்கான துளையில் அதை நேராகச் சொருகினால் ஒலி கிழிந்து நாசமாகும். லைன் ஒலி மைக் ஒலியைவிடப் பல மடங்கு பெரிது. ரெக்கார்டரில் லைன் இன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலியைக் குறைக்கும் ரெசிஸ்டர் வைத்த கம்பி வாங்க வேண்டும். எந்தக் கம்பி என்பதை மைக்செட்காரரே சொல்லிவிடுவார். அவரிடம் உள்ள அனுபவம் எந்தக் கையேட்டிலும் இல்லை. கம்பியில் மேளமும் கூட்டத்தின் ஆரவாரமும் வராது என்பதால், இன்னொரு ரெக்கார்டரைக் கூட்டத்தின் நடுவே வைப்பது என் வழக்கம். பிறகு இரண்டையும் கலந்துகொள்ளலாம்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. மிகக் குறைந்த விலைக்குப் பெரிய கொள்ளளவு என்று வரும் மெமரி கார்டுகளில் பல, கணினியிடம் பொய் சொல்லும்படி திருத்தப்பட்டவை. 128 ஜிபி என்று காட்டும். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். அது நிறைந்ததும் புதிய பதிவு பழையதைத் தின்றுவிடும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள், கார்டு முழுக்க எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புதிய கார்டு எதுவானாலும் இந்தச் சோதனைக்குப் பிறகே களத்துக்குப் போக வேண்டும். 32 ஜிபி தாராளம். 48,000 மாதிரிகள், 24 பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் மணிக்குச் சுமார் 1 ஜிபிதான் ஆகும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ, பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் என்று சொல்வதும் இந்த அளவையே. எம்பி3யில் நேரடியாகப் பதிவது வேண்டாம். தூக்கியெறிந்த நுணுக்கம் திரும்பி வராது.

நீண்ட பதிவுகளை ஒரே கோப்பாக ஓடவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பல கருவிகள் பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பின் தலைப்பை எழுதி முடிக்கின்றன. நடுவில் பேட்டரி தீர்ந்தால் சில கருவிகளில் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகும். ஒரு பதிகம் முடிந்ததும், ஒரு கதை முடிந்ததும், நிறுத்தி மறுபடி தொடங்குவது பாதுகாப்பு. ரீசார்ஜ் பேட்டரி போட்டால், கருவியின் மெனுவில் அதன் வகையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் மீதி எவ்வளவு என்று காட்டும் அளவு தப்பாக இருக்கும். தேதியும் நேரமும் சரியாக வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சில மலிவுக் கருவிகளில் நேரம் வைக்க மெனுவே கிடையாது. கணினியில் மாட்டி ஓர் உரைக் கோப்பில் நேரத்தை எழுதிச் சேமிக்க வேண்டும். பதிவு தொடங்கியதும் தன் குரலிலேயே தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், அவர் அனுமதி தந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டால், கோப்பின் பெயர் அழிந்தாலும் அடையாளம் ஒலிக்குள்ளேயே இருக்கும்.

அன்றிரவே நகல் எடுக்க வேண்டும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள ஒரு நண்பரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. ஈழத்தில் 2005ல் தொடங்கிய நூலகம் நிறுவனம், அச்சு நூல்களோடு வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் சேர்த்துவருகிறது. 1982ல் தொடங்கி இப்போது குர்கானில் இயங்கும் அமெரிக்க இந்தியக் கல்விக் கழகத்தின் இசைக் காப்பகம் களப்பதிவுகளைப் பாதுகாக்கிறது. பேசியவரின் சம்மதம் எழுத்தில் இருந்தால், இத்தகைய இடங்களை அணுகலாம்.

பாடிக் கொடுத்த ஆயாவுக்கும் ஒரு நகல் போய்ச் சேர வேண்டும். அவர் வீட்டு டிவியில் யூஎஸ்பி துளை இருக்கிறது. எம்பி3 ஆக மாற்றிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் பேத்தி மாட்டிவிடுவாள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். கோப்பு மாறாமல், பெயரோடு போய்ச் சேரும்.